மூட்டு மாற்று அறுவை சிகிச்சையும் சீழ்த்தொற்றும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முழங்கால் மூட்டையோ இடுப்பு மூட்டையோ மாற்றிக்கொள்ள நாள் குறித்துவிட்டு, சீழ் பிடித்துவிடுமோ என்ற கவலையோடு இருப்பவர்களுக்காகவும், அவர்களுடன் இருந்து கவனிக்கப்போகிறவர்களுக்காகவும் இந்தப் பக்கம் எழுதப்பட்டிருக்கிறது. இங்கே குறிப்பிடப்படும் மருந்துகளை யாருக்கு, எந்த அளவில், எப்போது கொடுப்பது என்பதை உங்கள் உடல்நிலையை அறிந்த மருத்துவரே முடிவு செய்வார்.

குடல்வால் அறுவையில் சீழ் பிடித்தால் சில நாள் மருந்தில் ஆறிவிடுகிறது. செயற்கை மூட்டில் பிடித்தால் மட்டும் ஏன் இவ்வளவு அஞ்சுகிறார்கள்?

உடலுக்குள் வைக்கப்படும் உலோகத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் இரத்த ஓட்டம் இல்லை. வெள்ளணுக்களும் இரத்தத்தின் வழியே வரும் மருந்தும் தசையைச் சென்றடைவதுபோல அந்தப் பரப்பைச் சென்றடைய முடிவதில்லை. 1957-இல் இலண்டனில் எலெக், கோனன் என்ற இருவர் தன்னார்வலர்களின் தோலில் ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமியைச் செலுத்திப் பார்த்தார்கள். வெறும் தோலில் ஒரு சீழ்க்கொப்புளம் உண்டாகப் பத்து இலட்சக்கணக்கான கிருமிகள் தேவைப்பட்டன; அதே தோலில் ஒரு பட்டுத் தையல் இருந்தபோது சில நூறே போதுமானவையாக இருந்தன. ஓர் இழை நூலுக்கே இந்த நிலை என்றால் உள்ளங்கை அளவு உலோகத்துக்கு என்ன நிலை என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

மூட்டு பொருத்தப்பட்ட கணத்திலிருந்து அதன் மேற்பரப்பைப் பிடிப்பதற்கு உடலின் செல்களுக்கும் கிருமிகளுக்கும் இடையே ஓட்டப்பந்தயம் நடக்கிறது என்று அமெரிக்க எலும்பு மருத்துவர் கிரிஸ்டினா 1987-இல் எழுதினார். கிருமி முந்திக்கொண்டால், தன்னைச் சுற்றிப் பசை போன்ற ஒரு படலத்தைச் சுரந்து அதற்குள் பதுங்கிவிடுகிறது. இந்த உயிரிப்படலம் முதிர்ந்த பிறகு எவ்வளவு வீரியமான ஆன்டிபயாடிக்கும் தனியாக நின்று அதை அழிப்பதில்லை. பெரும்பாலும் மூட்டையே கழற்ற வேண்டியதாகிறது. எனவேதான் வந்தபின் தீர்ப்பதைவிட வராமல் காப்பதற்கு இத்தனை முனைப்பு.

எத்தனை பேருக்கு இப்படி நேர்கிறது?

முதன்முறையாகச் செய்யப்படும் முழங்கால், இடுப்பு மாற்று அறுவைகளில் நூற்றுக்கு ஒருவர் அல்லது இருவருக்கு ஆழமான தொற்று ஏற்படுகிறது. ஏற்கெனவே வைத்த மூட்டை எடுத்துவிட்டு வேறு வைக்கும் மறு அறுவையில் இது கூடுதல். நூற்றில் தொண்ணூற்றெட்டுப் பேர் தப்புகிறார்கள் என்பது ஆறுதலான செய்திதான். ஆனால் அந்த இருவருள் ஒருவராக ஆவதற்கான வாய்ப்பு எல்லோருக்கும் சமமாக இல்லை என்பதையும், அதில் ஒரு பகுதியை மாற்றிக்கொள்ள முடியும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கிருமி எங்கிருந்துதான் வருகிறது? மருத்துவமனைக் காற்றிலிருந்தா, நம் உடம்பிலிருந்தா?

இரண்டிலிருந்தும் வருகிறது. முதலில் காற்றின் கதை. இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் ஜான் சார்ன்லி இன்றைய இடுப்பு மாற்று அறுவைக்கு அடித்தளமிட்டது 1960-களின் தொடக்கத்தில். அறுவை நுட்பம் வெற்றி பெற்றது. ஆனால் நூற்றில் ஏழு பேர் அளவுக்குச் சீழ் பிடித்தது. நன்றாக நடக்கத் தொடங்கிய நோயாளியின் மூட்டைத் தம் கையாலேயே கழற்ற நேர்வது அவரைப் பெரிதும் வருத்தியது. அறுவை அரங்கில் இருப்பவர்களின் உடலிலிருந்து ஓயாமல் உதிரும் தோல் துகள்கள் கிருமிகளைச் சுமந்துகொண்டு காற்றில் மிதந்து புண்ணில் விழுகின்றன என்று அவர் கருதினார். காற்று வடிகட்டும் தொழிலில் இருந்த ஹோவர்த்துடன் சேர்ந்து, அறுவை அரங்குக்குள்ளேயே கண்ணாடிக் கூண்டு போன்ற ஓர் அறையை அமைத்து, வடிகட்டிய காற்றை மேலிருந்து கீழாகப் பாயவிட்டார். அறுவை செய்பவரின் மூச்சுக் காற்றையும் உடல் காற்றையும் குழாய் வழியே வெளியே இழுக்கும் உடையையும் உருவாக்கினார். பத்தாண்டுகளில் தொற்று நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே இறங்கியது. முன்கூட்டியே ஆன்டிபயாடிக் கொடுக்கும் வழக்கம் இல்லாமலேயே இது நிகழ்ந்தது என்பதுதான் வியப்பு. இதே காலத்தில் அவர் மேலங்கியின் துணியையும் புண்ணைத் தைக்கும் முறையையும் மாற்றியிருந்ததால், புகழ் முழுவதையும் காற்றுக்கே கொடுத்துவிட முடியாது.

அடுத்து நம் உடம்பு. ஏறக்குறைய மூவரில் ஒருவருடைய மூக்கில் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் எந்தத் தொல்லையும் தராமல் குடியிருக்கிறது. எல்லோருடைய தோலிலும் வேறு வகை ஸ்டஃபைலோகாக்கஸ்கள் உண்டு. மயிர்க்கால்களின் ஆழத்தில் இருப்பவற்றை எந்தச் சோப்பும் முழுமையாகக் கழுவிவிடாது. இன்று மூட்டில் பிடிக்கும் தொற்றுகளில் பெரும்பகுதி இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை. அதாவது கிருமியைப் பெரும்பாலும் நோயாளியே தம்முடன் அரங்குக்குக் கொண்டுவருகிறார். இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. தோல் என்றால் அதில் கிருமி இருக்கும்.

அப்படியானால் வடிகட்டிய காற்றை ஒரே சீராகப் பாயவிடும் லேமினார் ஃப்ளோ அரங்கு உள்ள மருத்துவமனையைத்தான் தேட வேண்டுமா?

விளம்பரங்களைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். பிரிட்டனிலும் சுவீடனிலும் 8,000-க்கும் மேற்பட்ட இடுப்பு, முழங்கால் அறுவைகளில் நடந்த ஆய்வை லிட்வெல் குழுவினர் 1982-இல் வெளியிட்டார்கள். சாதாரணக் காற்றோட்டத்தில் நூற்றுக்கு 1.5 ஆக இருந்த ஆழமான தொற்று, மிகத் தூய காற்றில் 0.6 ஆகக் குறைந்திருந்தது. ஆனால் முன்கூட்டியே ஆன்டிபயாடிக் கொடுப்பது உலகெங்கும் வழக்கமான பிறகு இந்த வேறுபாடு மங்கிப்போயிற்று. நியூசிலாந்தின் மூட்டுப் பதிவேட்டை ஆராய்ந்தபோது லேமினார் ஃப்ளோவும் விண்வெளி வீரர் போன்ற உடையும் உள்ள இடங்களில் தொற்று குறையவில்லை என்பதோடு, சற்றுக் கூடுதலாகவே பதிவாகியிருந்தது. உலகச் சுகாதார நிறுவனம் 2016-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், மூட்டு மாற்றில் தொற்றைக் குறைப்பதற்கென்று லேமினார் ஃப்ளோவைப் பயன்படுத்த வேண்டாம் என்று நிபந்தனையுடன் பரிந்துரைத்தது.

இந்த விவாதம் இன்னும் அடங்கவில்லை. ஆனாலும் கூரையில் என்ன கருவி பொருத்தியிருக்கிறார்கள் என்பதைவிட, அறுவையின்போது கதவு எத்தனை முறை திறக்கிறது, உள்ளே தேவையில்லாமல் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் அந்தத் தூய காற்றின் ஓட்டம் கலைகிறது.

சர்க்கரை நோய் இருக்கிறது. எவ்வளவு கட்டுப்பாட்டில் இருந்தால் அறுவை செய்துகொள்ளலாம்?

மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அளவு 7.5 முதல் 8 வரையிலான எல்லையைத் தாண்டினால் பல மருத்துவர்கள் அறுவையைத் தள்ளிவைக்கிறார்கள். அதற்கு மேலே போகப் போகத் தொற்றும் கூடுவதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மூட்டு மாற்று என்பது இன்றே செய்தாக வேண்டிய அவசர அறுவை அன்று. பத்தாண்டுகள் வலியோடு நடந்தவர் இரண்டு மாதம் கூடுதலாகக் காத்திருந்து சர்க்கரையைக் குறைத்துக்கொண்டு வருவதில் இழப்பொன்றும் இல்லை. "நாள் பார்த்துவிட்டோம், மகன் வெளிநாட்டிலிருந்து விடுப்பில் வருகிறான்" என்பது குடும்பத்துக்கு நியாயமான காரணமாக இருக்கலாம். கிருமிக்கு அது தெரியாது.

எச்பிஏ1சி சரியாக இருந்தாலும் அறுவை நாளிலும் அடுத்த சில நாள்களிலும் சர்க்கரை ஏறக்கூடும். சர்க்கரை நோய் இல்லாதவர்களுக்கும் அறுவையின் அதிர்ச்சியால் அது ஏறும். அந்நாள்களில் அளவு 180 முதல் 200 மில்லிகிராமுக்குக் கீழே இருக்கும்படி பார்த்துக்கொள்கிறார்கள். உறவினர் கொண்டுவரும் பழச்சாறும் இனிப்பும் இந்தக் கணக்கைக் குலைத்துவிடும்.

பல், கால் விரல் இடுக்கு, சிறுநீர் எல்லாவற்றையும் ஏன் பார்க்கிறார்கள்?

உடலில் வேறெங்காவது சீழ் இருந்தால் அங்கிருந்து கிருமி இரத்தத்தில் கலந்து புதிய மூட்டில் வந்து அமரக்கூடும். ஆகவே சொத்தைப் பல், ஈறு வீக்கம், சேற்றுப்புண், ஆறாத பித்தவெடிப்பு, கொப்புளம் ஆகியவற்றை முதலில் ஆற்றிவிட்டுத்தான் அறுவைக்கு வர வேண்டும். நம் ஊரில் செருப்பில்லாமல் நடக்கும் வழக்கமும் ஈரத்தில் நின்று வேலை செய்யும் வழக்கமும் இருப்பதால், முழங்காலைக் காட்ட வந்தவரின் பாதத்தைத் திருப்பிப் பார்க்காமல் விடக் கூடாது. அறுவை செய்யும் காலில் ஒரு சிறு கீறல் புண் இருந்தால்கூட அதை மறைக்காமல் சொல்லுங்கள்.

சிறுநீர் மட்டும் விதிவிலக்கு. எரிச்சலோ காய்ச்சலோ இல்லாமல், சோதனையில் மட்டும் கிருமி தென்பட்டால், அதற்காக ஆன்டிபயாடிக் கொடுப்பதால் மூட்டுத் தொற்று குறைவதாகத் தெரியவில்லை. அறிகுறி இருந்தால் மட்டுமே சிகிச்சை தேவை.

வலிக்காக மூட்டுக்குள் ஊசி போட்டிருக்கிறேன். அதைச் சொல்ல வேண்டுமா?

கட்டாயம் சொல்ல வேண்டும். ஸ்டீராய்டு ஊசி போட்ட மூட்டில் மூன்று மாதத்துக்குள் மாற்று அறுவை செய்தால் தொற்று கூடுகிறது. எந்த மருந்து என்று தெரியாவிட்டால் ஊசி போட்ட தேதியையாவது சொல்லுங்கள்.

புகை, எடை, முடக்குவாத மாத்திரைகள் பற்றி?

புகை பிடிப்பவர் குறைந்தது நான்கு வாரங்களுக்கு முன்பே நிறுத்த வேண்டும். தோலுக்குச் செல்லும் இரத்த ஓட்டத்தை நிகோடின் சுருக்கிவிடுகிறது. உடல் நிறை எண் 40-ஐத் தாண்டினால் ஆபத்து வெளிப்படையாகக் கூடுகிறது. பருமனாக இருப்பவர் ஊட்டத்தோடு இருக்கிறார் என்று எண்ணிவிடக் கூடாது. சோறே பிரதானமாகவும் பருப்பும் முட்டையும் குறைவாகவும் உண்பவர்களிடம் இரத்தத்தில் உள்ள அல்புமின் என்ற புரதத்தின் அளவு தாழ்ந்திருப்பதுண்டு, அது டெசிலிட்டருக்கு 3.5 கிராமுக்குக் கீழே போனால் புண் ஆறத் தாமதமாகும். முடக்குவாதத்துக்காக மெத்தோட்ரெக்சேட் எடுப்பவர்கள் அதைத் தொடரலாம் என்றே இன்றைய வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. நோய் எதிர்ப்பைத் தணிக்கும் உயிரியல் (பயாலஜிக்) ஊசிகளை மட்டும் அடுத்த தவணைக்கு முன் நிறுத்தி, அந்த இடைவெளியில் அறுவையை வைத்துக்கொள்கிறார்கள். எதையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

முதல் நாள் வீட்டிலேயே முடியை மழித்துச் சுத்தமாக வரலாமா?

வேண்டாம். நல்லெண்ணத்தோடு செய்யப்படும் தவறுகளில் இதுதான் மிகவும் பரவலானது. சவரக்கத்தி தோலில் கண்ணுக்குத் தெரியாத கீறல்களை உண்டாக்குகிறது. இரவு முழுவதும் கிருமிகள் அந்தக் கீறல்களில் பெருகுகின்றன. முடி இடைஞ்சலாக இல்லையென்றால் அதை எடுக்கவே தேவையில்லை; இருந்தால் மருத்துவமனையில் மின் கத்தரிப்பானால் வெட்டிவிடுவார்கள்.

குளித்துவிட்டு வர வேண்டும். சாதாரணச் சோப்பாக இருந்தாலும் சரி, கிருமிநாசினி சோப்பாக இருந்தாலும் சரி. குளித்தபின் எண்ணெய், பவுடர், மஞ்சள் எதையும் காலில் பூசாதீர்கள். மூக்கில் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் இருப்பது சோதனையில் தெரிந்தவர்களுக்கு முப்பிரோசின் களிம்பைச் சில நாள்கள் மூக்கினுள் தடவச் சொல்வார்கள். எலும்பு அறுவையில் இதற்கு நல்ல சான்று இருக்கிறது.

அரங்குக்குப் போகும் முன் போடும் ஓர் ஆன்டிபயாடிக் ஊசியால் என்ன ஆகிவிடப்போகிறது?

இந்தப் பக்கத்தில் நான் சொல்ல வந்ததில் முக்கியமானது இதுதான். பாஸ்டனில் ஜான் பர்க் 1961-இல் கினிப் பன்றிகளின் தோலில் கிருமியைச் செலுத்தி, வெவ்வேறு நேரங்களில் ஆன்டிபயாடிக் கொடுத்துப் பார்த்தார். கிருமி நுழையும்போது மருந்து ஏற்கெனவே திசுவில் இருந்தால் புண் ஏறக்குறைய உண்டாகவில்லை. மூன்று மணி நேரம் கழித்துக் கொடுத்த மருந்து, கொடுக்காததற்குச் சமமாயிற்று. மனிதர்களிடம் இதை 1992-இல் அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் கிளாசன் குழுவினர் 2,847 நோயாளிகளை வைத்துக் காட்டினார்கள். அறுவைக்கு முந்தைய இரண்டு மணி நேரத்துக்குள் மருந்து பெற்றவர்களில் தொற்று நூற்றுக்கு 0.6, அதைவிட முன்கூட்டிப் பெற்றவர்களில் 3.8, அறுவை தொடங்கி மூன்று மணி நேரத்துக்குப் பின் பெற்றவர்களில் 3.3. மருந்து ஒன்றுதான், நேரம்தான் வேறு.

மூட்டு மாற்றில் பெரும்பாலும் செஃபசோலின் கொடுக்கிறார்கள். பெரியவர்களுக்கு 2 கிராம், 120 கிலோவைத் தாண்டியவர்களுக்கு 3 கிராம். கத்தி வைப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள் அது உடலில் ஏறியிருக்க வேண்டும். முழங்கால் அறுவையில் தொடையைச் சுற்றிக் காற்றுப் பட்டையை இறுக்கி இரத்தத்தை நிறுத்துவதுண்டு. மருந்து அதற்கு முன்பே போயிருந்தால்தான் மூட்டை எட்டும். அறுவை நான்கு மணி நேரத்தைத் தாண்டினால் மீண்டும் ஒரு முறை கொடுக்க வேண்டும்.

செஃபசோலின் பென்சிலினுக்கு உறவான மருந்து என்பதால், பென்சிலின் ஒவ்வாது என்று சிறு வயதில் சொன்னார்கள் என்பவர்கள் அதன் விவரத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். இப்படிச் சொல்பவர்களில் பெரும்பாலோருக்குச் சோதித்துப் பார்த்தால் உண்மையான ஒவ்வாமை இருப்பதில்லை. கடுமையான பாதிப்பு நேர்ந்திராதவர்களுக்குச் செஃபசோலினைக் கொடுக்க முடிகிறது. மாற்றாகக் கொடுக்கப்படும் வான்கோமைசினை மெதுவாக ஏற்ற வேண்டியிருப்பதால் கத்தி வைப்பதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் இன்னும் பாதுகாப்பு என்ற எண்ணமும் சரியாக அமையவில்லை: ஆஸ்திரேலியாவில் நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் நடந்து 2023-இல் வெளிவந்த ஆய்வில், வான்கோமைசினைச் சேர்த்ததால் தொற்று குறையவில்லை.

பக்கத்துப் படுக்கைக்காரருக்குப் பத்து நாள் மாத்திரை எழுதியிருக்கிறார்கள். எங்களுக்கு மட்டும் ஏன் இல்லை?

புண் மூடிய பிறகு தொடரும் ஆன்டிபயாடிக்கால் பொதுவாகக் கூடுதல் பயன் இல்லை என்பதால், அறுவைக்குப் பின் அதை நீட்டிக்க வேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் உறுதியாகப் பரிந்துரைக்கிறது. அதிக ஆபத்துள்ள சிலருக்கு மருத்துவர் காரணத்தோடு நீட்டிப்பதுண்டு, அது வேறு. காரணமில்லாத பத்து நாள் மாத்திரை குடலைக் கெடுக்கும், எதிர்ப்புத்திறன் பெற்ற கிருமியை வளர்க்கும், உண்மையில் தொற்று வந்தால் அதன் அறிகுறிகளையும் மூடி மறைக்கும். மாத்திரை எழுதாத மருத்துவர் உங்களைக் கவனிக்காமல் விட்டுவிட்டார் என்று பொருளில்லை.

அரங்குக்குள் வேறென்ன செய்கிறார்கள்?

ஆல்கஹால் கலந்த குளோர்ஹெக்சிடினைத் தோலில் பூசி, அது தானாக உலரும் வரை காத்திருப்பார்கள். உடலைக் குளிரவிடாமல் வெதுவெதுப்பாக வைத்திருப்பார்கள். குடல் அறுவை நோயாளிகள் 200 பேரிடம் 1996-இல் நடந்த ஆய்வில், உடல் குளிர்ந்தவர்களில் நூற்றுக்கு 19 பேருக்கும், வெப்பம் காக்கப்பட்டவர்களில் 6 பேருக்கும் புண் தொற்று ஏற்பட்டது. மூட்டு அறுவைக்கு அந்த எண்களை அப்படியே பொருத்த முடியாது என்றாலும் காரணம் ஒன்றுதான்: குளிர்ந்த தோலில் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. இரட்டைக் கையுறை அணிவார்கள். இரத்தப் போக்கைக் குறைக்க டிரானெக்சமிக் அமிலம் கொடுப்பார்கள், ஏனெனில் இரத்தம் ஏற்ற நேர்ந்தால் தொற்றும் கூடுகிறது. பல இடங்களில் நீர்த்த போவிடோன் அயோடினால் மூட்டைக் கழுவிவிட்டுத் தைக்கிறார்கள். ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் 1970 அளவில் புக்ஹோல்ட்ஸ் தொடங்கிவைத்த, ஜென்டாமைசின் என்ற ஆன்டிபயாடிக் கலந்த, மூட்டை எலும்போடு பிணைக்கும் எலும்புச் சிமெண்டும் இன்று பரவலாகப் பயன்படுகிறது.

வீட்டுக்கு வந்தபின் புண்ணை எப்படிப் பார்த்துக்கொள்வது?

கூடியவரை தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கட்டு உலர்ந்து ஒட்டியிருந்தால் தினமும் பிரித்துப் பார்க்க வேண்டியதில்லை. அடிக்கடி பிரிக்கும் கையே கிருமியைக் கொண்டுவருகிறது. மஞ்சள், தேங்காய் எண்ணெய், வேப்பிலை விழுது, விபூதி, மூலிகைப் பற்று ஆகிய எதையும் தையல்மீது வைக்கக் கூடாது. வீக்கத்துக்கு எண்ணெய் தேய்த்து நீவிவிடும் வழக்கத்தையும் தள்ளிவையுங்கள். பொதுவாகப் பத்து முதல் பதினான்கு நாள்களில் தையல் அல்லது கிளிப் எடுக்கப்படும். மருத்துவர் சொல்லும் வரை புண் நனையாமல் குளியுங்கள். நலம் விசாரிக்க வருபவர்களைத் தடுக்க முடியாது. கை கழுவிவிட்டு வரச் சொல்லலாம், படுக்கையில் உட்காராமல் நாற்காலியில் உட்காரச் சொல்லலாம்.

முழங்கால் சூடாக இருக்கிறது. இது சீழ் பிடித்ததன் அறிகுறியா?

மாற்றிய முழங்கால் சில மாதங்கள் வரை மற்றக் காலைவிடச் சற்று வெதுவெதுப்பாக இருப்பது இயல்பு. கவலைப்பட வேண்டியது வேறு: குறைந்துவந்த வலி மீண்டும் கூடுவது, சிவப்பு பரவுவது, குளிர்க்காய்ச்சல், எல்லாவற்றுக்கும் மேலாகப் புண்ணிலிருந்து நீர் கசிவது. முதல் இரண்டு மூன்று நாள்களில் கட்டு சிறிது நனைவதுண்டு. ஐந்து முதல் ஏழு நாளுக்குப் பிறகும் கசிவு நிற்கவில்லையென்றால், அறுவை செய்த மருத்துவரிடம் நேரில் காட்டியே ஆக வேண்டும்.

இங்கே ஒரு வேண்டுகோள். தெருமுனை மருந்துக் கடையில் ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டுவிட்டு நான்கு நாள் பார்க்கலாம் என்று இருந்துவிடாதீர்கள். மூட்டிலிருந்து நீரை ஊசியால் எடுத்துச் சோதிப்பதற்கு முன்பே மாத்திரை உள்ளே போய்விட்டால், எந்தக் கிருமி என்று தெரியாமலே போய்விடக்கூடும். உயிரிப்படலம் முதிர்வதற்கு முன் கிடைத்த சில நாள்களும் வீணாகும். முதல் சில வாரங்களில் வந்தால், மூட்டைத் திறந்து கழுவி, பிளாஸ்டிக் பகுதியை மட்டும் மாற்றி, உலோகத்தைக் காப்பாற்ற வாய்ப்பு இருக்கிறது. அதைத் தவறவிட்டால் மூட்டை எடுத்துவிட்டு, மருந்து கலந்த தற்காலிகச் சிமெண்டை வைத்து, சில வாரங்களோ மாதங்களோ கழித்துப் புதிய மூட்டை வைக்க வேண்டியதாகலாம்.

பல ஆண்டுகளுக்குப் பிறகும் தொற்று வருமா? பல் பிடுங்கும்போது மருந்து எடுக்க வேண்டுமா?

வரலாம், ஆனால் அரிது. கால் புண், சிறுநீர்த் தொற்று, நிமோனியா போன்றவற்றிலிருந்து கிருமி இரத்தம் வழியாக வந்து சேரக்கூடும் என்பதால் அவற்றுக்கு உடனே சிகிச்சை பெற வேண்டும். நன்றாக இருந்த மூட்டு ஒரே நாளில் வீங்கி வலித்தால் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். பல் சிகிச்சைக்கு முன் எல்லோருக்கும் ஆன்டிபயாடிக் கொடுக்கும் பழைய வழக்கத்தை, பொதுவாகத் தேவையில்லை என்று அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2015-இல் அறிவித்தது. எதிர்ப்பாற்றல் மிகவும் குறைந்தவர்கள் மட்டும் தம் மருத்துவரைக் கேட்டு முடிவு செய்யலாம். ஒரு நாளில் விழுங்கும் மாத்திரையைவிடத் தினமும் இருமுறை பல் துலக்குவது மூட்டுக்கு நல்லது.